மட்டக்களப்பு வாவியின் இரவு: கண்ணுக்கு முன்னே காது

மழைக்காட்டில் வழிகாட்டியோடு மேற்கொள்ளப்படும் இரவு நடை என்பது, பகல் முழுவதும் பொந்திலும் இலைச்செறிவிலும் ஒடுங்கிக் கிடந்து பொழுது சாய்ந்த பின்னரே இரைதேடப் புறப்படும் இராவிலங்குகளை, அவற்றின் இருப்பிடத்துக்கே சென்று, கைவிளக்கின் துணையுடன் பார்க்கும் ஏற்பாடாகும். இலங்கையில் இதற்கு உரிய களம் தென்மேற்கின் ஈரவலயம். 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிங்கராஜ வனமும் அதைச் சூழ்ந்த சிறு காடுகளும் இத்தகைய நடைகளுக்குப் பெயர்பெற்றவை. அங்கு செல்வோரில் பலர் காண விரும்பும் செரண்டிப் ஆந்தையின் வரலாற்றில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. பறவையியலாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கலைப் பகுதியில் கேட்ட அறிமுகமில்லாத குரல் ஒன்றே அதன் முதல் தடயம். 2001 ஜனவரியில்தான் சிங்கராஜவில் அதன் உருவம் கண்ணிற்பட்டது. 2004இல் அது புதிய இனமாக அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. அதாவது, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்தப் பறவை ஒரு குரலாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. இருட்டில் கண்ணைவிடக் காதே முந்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் மழைக்காடு கிடையாது. வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழும் உலர்வலய நிலம் அது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டும், கார்த்திகை, மார்கழியில் வெள்ளக்காடாகவும் கிடப்பது அதன் இயல்பு. ஆனால் இரவின் உயிர்களைத் தேடி மனிதர் இருட்டில் புறப்படும் வழக்கம், சுற்றுலாத் தொழில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வேரூன்றிவிட்டது. அந்த வழக்கம் காட்டுப்பாதையில் நடப்பதாக அமையாமல், தோணியில் ஏறி வாவியின் நடுவே சென்று, விளக்கை அணைத்துவிட்டுச் செவிசாய்ப்பதாக அமைந்தது. நீருக்கடியிலிருந்து எழும் இசைபோன்ற ஒலியை, ஊரார் சொல்லும் ‘பாடும் மீனை’, கேட்கச் செல்லும் அந்தப் பயணமே இப்பகுதிக்குரிய இரவு நடை என்று கொள்வது பொருந்தும்.

வாவியின் கிடப்பை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. கடற்கரைக்கு இணையாக, வடக்குத் தெற்காக, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு அது நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் பற்றைக்காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. கடலோடு வாவி கலக்கும் இடங்கள் இரண்டு: மட்டக்களப்பு நகருக்கு அருகே, 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு நிற்கும் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. வறட்சிக் காலத்தில் அலைகள் குவிக்கும் மணல் இவ்வாய்களை அடைத்துவிடுவதும், மாரியில் வெள்ளம் பெருகும்போது அவை உடைவதும் அல்லது வெட்டிவிடப்படுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. இதனால் நீரின் உவர்ப்பு பருவத்துக்குப் பருவம் மாறுகிறது; நீருக்குள் வாழ்வனவற்றின் நடமாட்டமும் அதற்கேற்ப மாறுகிறது. இரவில் இவ்விரு கரைகளின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என ஊர்கள் நெருக்கமாகத் தொடரும் எழுவான்கரை மின்னொளியில் மிதக்க, எதிர்க்கரை பெரும்பாலும் இருண்டே கிடக்கிறது.

பாடும் மீன் பற்றிய விரிவான பழைய குறிப்புகளில் முதன்மையானது, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் எழுதியது. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவர், நிலவொளியில் படகேறி, ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே இருந்த துறையை அண்டிய நீர்ப்பரப்பில் அந்த ஒலியைத் தாமே கேட்டதாக 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் பதிவு செய்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கையில் எழும் மெல்லிய அதிர்வுக்கு அவர் அதை ஒப்பிட்டார். அது நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரமாக இல்லாமல், உச்சமும் மந்தமுமான எண்ணற்ற சிற்றொலிகள் தனித்தனியே தெளிவாகக் கலந்து வருவதாக இருந்ததையும், படகின் மரப்பலகையில் காதை அழுத்தியபோது ஒலி பலமடங்கு பெருகியதையும், சில இடங்களில் வலுத்தும் வேறு சில இடங்களில் அறவே நின்றும் போனதையும் அவர் குறித்திருக்கிறார். இந்தக் கடைசிக் கவனிப்பு முக்கியமானது. ஒலி காற்றாலோ அலையாலோ எழுவதாயின் வாவி முழுவதும் பரவலாகக் கேட்டிருக்க வேண்டும், அவ்வாறின்றி இடத்துக்கு இடம் திரண்டு கேட்பது, உயிர்கள் கூட்டமாகத் தங்கும் இடங்களைச் சுட்டுகிறது.

இன்னொரு செய்தி அதைவிட வியப்பானது. டெனன்றிடம் பேசிய மீனவர்கள் அதை மீனின் குரலாகச் சொல்லவே இல்லை. வாவியின் அடிச்சேற்றில் கிடக்கும் ஊரி என்னும் நத்தை வகையே ஒலிக்கிறது என்று கூறி, சிப்பியோடு கூடிய சில உயிர்களை அவர்கள் பிடித்தும் கொடுத்தார்கள். மாரி வெள்ளம் வாவியில் கலந்து நீர் பெருகும் காலத்தில் ஒலி நின்றுவிடும் என்றும், வறண்ட மாதங்களிலேயே அதைக் கேட்கலாம் என்றும் அவர்கள் சொன்னது இன்றைய அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது; ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலமே கேட்பதற்கு ஏற்றதென இன்றும் ஊரில் சொல்லப்படுகிறது. நத்தைக்கு ஒலியெழுப்பத்தக்க உறுப்பு இல்லை என்பதால் பிற்காலத்தவர் மீனின் பக்கமே சாய்ந்தனர். ‘மீன்பாடும் தேனாடு’ என்ற அடைமொழி ஊருக்கு நிலைத்துவிட, கடற்கன்னி உருவங்கள் வீதியோரச் சிலைகளாகவும் சின்னங்களாகவும் எங்கும் இடம்பிடித்தன. ஊரியை ஒரு நகரத்தின் சின்னமாக்குவது எவருக்கும் எளிதல்ல என்பதும் அந்த மாற்றத்துக்கு ஓரளவு உதவியிருக்கக்கூடும்.

மீன்கள் ஊமைகள் என்ற எண்ணம் பரவலானது. ஆயினும் அது சரியன்று. பல மீன்களின் உடலினுள்ளே, நீரில் மிதப்புநிலையைச் சமன்செய்ய உதவும் காற்றுப்பை ஒன்று உண்டு. அதன் சுவரை ஒட்டிய தசைகள் விரைந்து சுருங்கி விரியும்போது பை முரசுபோல் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. கத்தலை மீன்கள் இவ்வாறு ஒலிப்பவை. கெளுத்தி வகைகளுள் சில, பக்கத்துடுப்பின் முள்ளை மூட்டில் உராய்த்தும் ஒலி செய்கின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், சௌசலிட்டோ என்னும் ஊரின் படகுவீடுகளில் குடியிருந்தோர், 1980களில் கோடைகால இரவுகளில் விடாது கேட்ட முரல்வொலி ஒன்றால் தூக்கம் இழந்து, பொறி இயந்திரங்களின் மீதும் கழிவுநீர்க் குழாய்களின் மீதும் ஐயம் கொண்டிருந்தபோது, அது தவளைமீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனின் ஆண்கள், பாறையடியில் கூடமைத்துப் பெண்மீனை அழைக்கும் ஒலி என்பது தெரியவந்தது. அந்த மீனின் காற்றுப்பைத் தசை நொடிக்கு ஏறத்தாழ 100 தடவை சுருங்குகிறது. மட்டக்களப்பில் ஒலிப்பதும் இத்தகைய இனச்சேர்க்கைக்கால அழைப்பே என்று கருத இடமுண்டு. பருவத்தோடும் இரவோடும் அது கட்டுண்டிருப்பது இந்தக் கருத்துக்கே வலுச்சேர்க்கிறது.

கேட்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமையைக் கேட்பது. தோணி கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் நிறுத்தப்படுகிறது. தண்டு வலிப்பது நின்று, தோணியின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் துடுப்பின் அகன்ற இலைப்பகுதியை நீருக்குள் செங்குத்தாக இறக்கி, பிடியின் நுனியைக் காதின் மடலோடு பொருத்தி, மறு காதைக் கையால் மூடிக்கொள்வார்கள். முதலில் கேட்பது கேட்பவரின் சொந்த நாடித்துடிப்பும் துடுப்பில் வழியும் நீர்த்துளியின் சொட்டுமே. அவை பழகிப்போன பின்னரே அவற்றின் அடியில் கிடக்கும் மெல்லிய ரீங்காரம் பிரிந்து தெரியத் தொடங்கும். இந்த உத்தியின் பின்னே நல்ல இயற்பியல் இருக்கிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்கிறது, காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் நீருக்கும் காற்றுக்குமான எல்லையை அடையும்போது அதன் பெரும்பகுதி நீருக்குள்ளேயே திருப்பி அனுப்பப்பட்டு, மிகச் சிறு பங்கே வெளியேறுகிறது. மரத்துடுப்பு அந்த எல்லையைத் தவிர்த்து, அதிர்வை நேரே எலும்புக்குக் கொண்டுசெல்கிறது. இன்று நீரடி ஒலிவாங்கிகள் செய்வதும் அடிப்படையில் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் லாங் இந்த ஒலியைப் பதிவு செய்தார். அப்பதிவு வானொலி வழியாக ஊருக்கு வெளியேயும் சென்றது.

முழுநிலா நாளில்தான் மீன் பாடும் என்ற நம்பிக்கை மட்டும் கூர்ந்து ஆராயத்தக்கது. கடலின் ஏற்றவற்றம் மிகுவது முழுநிலாவில் மட்டுமன்று, அமாவாசையிலும்தான். ஆகவே நீரோட்டமே காரணமாயின் அமாவாசை இரவிலும் அதே பாட்டு கேட்க வேண்டும். ஒருவேளை கேட்கிறதோ என்னவோ, இருட்டில் தோணியேறிக் கேட்கப் போவோர் குறைவு. நிலவுள்ள இரவிலேயே மனிதர் வாவிக்குச் சென்றார்கள், அதனால் நிலவுள்ள இரவிலேயே கேட்டார்கள் என்ற எளிய விளக்கத்தை ஒதுக்கிவிட இயலாது. இலங்கையில் முழுநிலா நாள் போயா விடுமுறையுமாதலால், வெளியூர்க் கூட்டமும் அன்றே சேர்கிறது. கல்லடியில், பிரித்தானிய ஆட்சிக்காலத்தில், 1924இல், ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்ட பின்னர் பெரிய வாகனங்கள் அதன்மீது விரைகின்றன; அவற்றின் அதிர்வு தூண்கள் வழியே நேராக நீருக்குள் இறங்குகிறது. மீன் பாடுவதை நிறுத்திவிட்டது என்று வருந்துவோர், பாலத்தின் மேலே ஓடும் வண்டிகளையும் தோணிகளில் பொருத்திய இயந்திரங்களையும் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

காதுக்கு இவ்வளவு இடம் கொடுத்த பின், கண்ணுக்கும் சிறிது கொடுக்கலாம். வாவியின் ஓரங்களில் எஞ்சியிருக்கும் கண்டல் காடுகள், அதாவது உவர்நீரிலும் சேற்றிலும் வேரூன்றி வாழும் மரக்கூட்டங்கள், இப்பகுதியில் மழைக்காட்டுக்கு மிக அண்மையான சூழல். மழைக்காட்டில் மூச்சடைக்கும் இலைச்செறிவு தலைக்கு மேலே இருக்க, இங்கு அது தோளுயரத்தில் தொடங்கி நீர்வரை தாழ்ந்திருக்கிறது. கண்ணா மரத்தின் இலையை இரவில் விரலால் தடவினால் பிசுபிசுப்பாக இருக்கும். மரம் தன் உடலிலிருந்து வெளியேற்றிய உப்பு பகலில் நுண்படிகமாக இலைமீது காய்ந்திருந்து, இரவின் ஈரத்தில் மீண்டும் கரைந்து ஒட்டுவதே அதற்குக் காரணம். அடியில், சேற்றைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களுக்கு இடையே, சேற்று நண்டு தன் வளையை விட்டு வெளியே வருவதும் இருட்டிய பின்னரே. சிங்கப்பூரின் உணவகங்களில் இலங்கை நண்டு என்று பெயர்சொல்லி விற்கப்படுவது இந்த இனமே; அதைப் பிடிக்கும் மீனவருக்கு அதன் இரவுநேர ஒழுங்கு மனப்பாடம். கிண்ணை மரத்தின் பூ மாலை மங்கும்போது விரிந்து ஓர் இரவிலேயே மகரந்தத் தாள்களை உதிர்த்துவிடுவது. பழந்தின்னி வௌவால்களும் பருந்து அந்துப்பூச்சிகளும் அதன் தேனை நாடி வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. காலையில் மரத்தடி நீரில் மிதக்கும் தாள்களைக் கண்டு அங்கே பூ இருந்ததை அறிவோரே பெரும்பான்மையினர்.

இக்காடுகளின் மிகக் கூச்சமுள்ள குடியான மீன்பிடிப் பூனை, நாட்டுப்பூனையைவிட ஏறத்தாழ இரு மடங்கு பருமனும், விரல்களுக்கிடையே பாதி வளர்ந்த சவ்வும், உடலில் வரிவரியான கரும்புள்ளிகளும் கொண்டது. நீரோரம் அசையாது குந்தியிருந்து, மீன் கிட்ட வந்ததும் முன்னங்காலால் அறைந்தோ தலைகுப்புறப் பாய்ந்தோ பிடிப்பது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016 முதல் அதை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களில் வைத்துள்ளது. அதை நேரில் காண்பது அரிது. கரையோரச் சேற்றில் பதிந்த தடமும், செதில்கள் சிதறிய இடமும் கிடைத்தாலே நல்ல இரவு என்று கொள்ள வேண்டும். வக்கா என்னும் இராக்கொக்கின் கரகரத்த ஒற்றைக் குரலும், ஆளரவம் உணர்ந்து ஆட்காட்டி எழுப்பும் அலறலும், மீன் ஆந்தையின் ஆழ்ந்த உறுமலும் மாறாக எளிதில் கிடைப்பவை.

விளக்கு பற்றியும் ஒரு சொல் தேவை. இராவிலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால், வந்த ஒளியை மீண்டும் விழித்திரைக்கே திருப்பும் பளபளப்பான படலம் ஒன்று உண்டு. மங்கிய ஒளியை இருமுறை பயன்படுத்த உதவும் இப்படலமே கைவிளக்கு பட்டதும் கண்களைத் தணலாக மின்னச் செய்வது. முதலையின் கண் செந்நிறமாகவும், தேவாங்கின் கண் செம்மஞ்சளாகவும், புல்லில் திரியும் சிலந்தியின் கண் நீலப்பச்சைப் பொட்டாகவும் தெரிவதால், பழகியவர் விலங்கைக் காணாமலே இன்னதென்று சொல்லிவிடுவர். ஆனால் வெள்ளொளி அவ்விலங்கின் பார்வையைச் சிறிது நேரத்துக்குக் குருடாக்குகிறது. மனிதக் கண்ணும் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும் என்பதால், ஒரே ஒரு கைபேசித் திரையின் ஒளி குழுவினர் அனைவரின் உழைப்பையும் கெடுத்துவிடும். செவ்வொளிக்குக் கண்ணின் கோல்வடிவ உணர்கலங்கள் மிகக் குறைவாகவே எதிர்வினை புரிவதால், டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. சிகிரியாவுக்கு அருகே ஜெட்விங் வில் உயன விடுதியின் வளவில் சாம்பல் தேவாங்குகளைக் காட்ட நடத்தப்படும் இரவு நடைகள் இம்முறையையே பின்பற்றுகின்றன. கிழக்கின் உலர்காடுகளிலும் வாழும் அதே சாம்பல் தேவாங்கு இனத்துக்காகத் தமிழ்நாட்டில், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. மருந்துக்கென்றும் மாந்திரிகத்துக்கென்றும் பிடித்துத் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு விலங்குக்கு இது காலந்தாழ்ந்த மரியாதைதான்.

இவ்வளவு இருந்தும் படுவான்கரையில் இரவு நடை நடத்துவதை எவரும் எளிதாகப் பரிந்துரைக்க முடியாது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஆகிய பகுதிகளின் வயலோர ஊர்களில் யானை ஒரு காட்சிப்பொருள் அல்ல. நெல் விளையும் காலத்தில் இரவு முழுவதும் பரணிலும் வாடியிலும் விழித்திருக்கும் காவற்காரருக்கு, கிளை முறியும் ஓசையின் திசையையும் தொலைவையும் பிரித்தறிவது உயிர்காக்கும் கல்வி. யானை வெடி கொளுத்துவதா, குரல் கொடுப்பதா, பேசாமல் இருப்பதா என்பதை அந்த ஓசையைக் கொண்டே அவர்கள் முடிவுசெய்கிறார்கள். வரப்பில் கண்ணாடி விரியனும், குடிசைத் தரையில் கட்டு விரியனும் நடமாடுவதும் அதே பொழுதில்தான். நாட்டின் தேசியப் பூங்காக்கள் மாலை 6 மணிக்குப் பின்னர் பார்வையாளருக்கு மூடப்படுவதன் நியாயம் இத்தகைய இடங்களில் தானாகவே விளங்கும். இருப்பினும், இராவிலங்கு பற்றிய மிக நுட்பமான அறிவு இந்தக் காவற்காரரிடமும் வாவியில் இரவுத்தொழில் செய்வோரிடமுமே இருக்கிறது. பயணக் கையேடுகள் அவர்களைத் தோணி ஓட்டுபவராக மட்டும் குறிப்பிட்டு நகர்வது அநியாயமே.

அந்த அறிவு அறுந்துவிடும் நிலைக்கும் ஒருகாலத்தில் வந்தது. போர்க்காலத்தில் ஊரடங்கும் சோதனைச்சாவடியும் வாவியின் இரவுத்தொழிலை நெருக்கின. பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கரையோரக் கண்டல்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. இறால் பண்ணைகளுக்காக வெட்டப்பட்டவை வேறு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை எழுவான்கரையைச் சிதைத்தபோதுதான் கண்டலின் அருமை பரவலாகப் பேசப்பட்டு, மீள்நடுகைகள் தொடங்கின. கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்த பிறகே, இரவில் தோணியேறுவது மீண்டும் அச்சமற்ற செயலாயிற்று. ஒரு தலைமுறை அந்த இரவுகளை வீட்டுக்குள் அடைபட்டுக் கழித்தது என்பதை, பாடும் மீனை இளையோர் பலர் பாடநூலில் மட்டுமே அறிந்திருப்பதற்குக் காரணமாகக் கொள்ளலாம்.

வழிகாட்டியோடு கூடிய இரவுப் பயணத்தை வாவியில் முறைப்படுத்த விரும்புவோருக்கு மலேசியாவின் கம்போங் குவாந்தான் நல்ல முன்மாதிரி. சிலாங்கூர் ஆற்றங்கரையில், கிண்ணையின் இனமான பெரம்பாங் மரங்களில் திரண்டு ஒரே தாளத்தில் ஒளிரும் மின்மினிகளைக் காட்ட, அங்கு இயந்திரமில்லாத துடுப்புப் படகுகளில் பார்வையாளரை ஏற்றிச் செல்கிறார்கள். அவற்றைச் செலுத்துவோர் உள்ளூரார். மட்டக்களப்பில் இதற்கு இடையூறாக நிற்கக்கூடியது தொழில் நாட்காட்டியே என்று முதலில் தோன்றும், ஏனெனில் தோணியும் ஆளும் இரவில் வலையோடு இருப்பர். ஆனால் இறால் கூட்டமாக நகர்வது இருள்மிக்க இரவுகளிலேயே என்பது மீனவர் அனுபவம். நிலவு வளர வளர வலையில் விழுவது குறைந்து, முழுநிலாவை ஒட்டிய சில நாட்கள் தோணிகள் பல கரையில் கவிழ்த்துக் கிடக்கின்றன. கேட்க வருவோர் கூடுவதும் அதே நாட்களில். கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று வாங்காமல் தோணிக்கு இவ்வளவு என்று வாங்கினால், மூன்று பேருக்கு மேல் ஏற்றும் ஆசையும் எழாது. தோணியில் ஆள் குறைந்தால் துடுப்பின் பிடிக்குக் காத்திருக்கும் நேரமும் குறையும்.